பந்தை எறியும் முன்

வளர்ப்பு நாயோடு விளையாடுவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரும் ஒரு நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து அளித்த பதில்கள்.

பாலக்கோடு வாசகி: எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது. விளையாடும்போது கையைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. எட்டு வயது மகனின் கையெல்லாம் கீறல். மூக்கில் ஒரு தட்டு தட்டினால் அடங்கிவிடும் என்கிறார் மாமனார். தட்டலாமா?

தட்ட வேண்டாம். ஆனால் அதற்கு முன் அந்தக் கீறலைக் கவனியுங்கள், அதுதான் அவசரம். பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தால், அது லேசான கீறலாகவே இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். வீட்டுக் குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. குட்டிக்கு முதல் ரேபிஸ் தடுப்பூசி போடுவதே மூன்று மாதத்தில்தான். அதன் தாய்க்கு ஊசி போட்டிருந்தார்களா என்பது பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. மருத்துவர் சொன்னால், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிட்டு 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தோலில் போடும் ரேபிஸ் ஊசிகளை ஒன்று விடாமல் போட்டு முடிக்க வேண்டும். காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். குட்டிக்கும் இந்த வாரமே ஊசி போட்டுவிடுங்கள்.

இனி கடிக்கு வருவோம். குட்டிக்கு வாய்தான் கை. இந்த வயதில் அதற்கு இருப்பது 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி முனை. நான்காம் மாதவாக்கில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு அரிக்கும், கடிக்கத் தோன்றும். கூடப்பிறந்த குட்டிகளோடு இருந்தால், அழுத்திக் கடித்தவுடன் மற்றது விலகிப் போய்விடும். எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. தாயைவிட்டுச் சீக்கிரம் பிரிந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மூக்கில் தட்டினால் ஒன்று, முகத்தருகே கை வந்தாலே ஒடுங்கும்; அல்லது கையோடு சண்டைக்கு வரும். இரண்டுமே குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

செய்ய வேண்டியது இது. விளையாட உட்காரும் முன்பே கையில் ஒரு துணிக்கயிறு இருக்கட்டும். பல் தோலில் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் அது துரத்திப் பிடிக்கும். கையை அசையாமல் வைத்து, "போதும்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு எழுந்து திரும்பிக்கொள்ளுங்கள். 15, 20 விநாடி போதும். காலைக் கடிக்க வந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். பிறகு வந்து துணிக்கயிற்றை நீட்டி, அதைக் கடித்தால் பாராட்டுங்கள். வீட்டில் எல்லோரும் இதே மாதிரி நடந்துகொண்டால் சில வாரங்களில் கடி தளர்ந்துவிடும். ஒருவர் மட்டும் கையால் சீண்டி விளையாடிக்கொண்டிருந்தால் குட்டிக்கு ஒன்றும் புரியாது. அதனால் மாமனாரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு, ஏழு மணிக்கு வெறி பிடித்தாற்போல் ஓடிக் கடிக்கிறது என்றால், பெரும்பாலும் அது தூக்கக் கலக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். ஐந்து நிமிடம் விளையாடினால் ஒரு தூக்கம் என்ற கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஈறு அரிப்புக்கு, நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த பருத்தித் துணியைக் கொடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் குட்டியை ஓடவிடாமல் கோணிச் சாக்கை விரித்துவிடுங்கள். வளரும் மூட்டுக்குச் சறுக்கல் கெடுதல்.

ஓசூர் வாசகர்: ஒன்றரை வயது ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறேன். கயிறு இழுக்கும் விளையாட்டு என்றால் அதற்கு உயிர். ஆனால் உறுமிக்கொண்டே இழுக்கிறது. இப்படி விளையாடினால் நாய் முரடாகிவிடும், அதை ஜெயிக்கவிட்டால் நம் பேச்சைக் கேட்காது என்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

நிறுத்த வேண்டாம். கயிறு இழுப்பதால் நாய் முரடாவதில்லை; அதை ஜெயிக்கவிட்டால் எஜமானனை மதிக்காது என்பதற்கும் ஆதாரம் இல்லை. சொல்லப்போனால், கட்டுப்பாட்டைச் சொல்லித்தர இதைவிட நல்ல விளையாட்டு குறைவு, ஏனென்றால் நாய் உச்ச ஆர்வத்தில் இருக்கும்போது நின்று கேட்கப் பழகுகிறது. அந்தப் பழக்கத்தை உண்டாக்காமல் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பதில்தான் சிக்கல் வருகிறது.

கயிற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய பருத்தி வேட்டியிலிருந்து நான்கு விரற்கடை அகலமும் மூன்றடி நீளமும் உள்ள மூன்று பட்டைகளைக் கிழித்து இறுகப் பின்னி, இரு முனையிலும் கெட்டி முடிச்சுப் போடுங்கள். முடிச்சுகள் போக இரண்டடி நிற்கும். நாயின் வாய்க்கும் உங்கள் கைக்கும் நடுவே ஒரு முழமாவது இடைவெளி இருக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், ஈறையும் உங்கள் உள்ளங்கையையும் அறுக்கும். இந்தக் கயிறு விளையாட்டு முடிந்ததும் உங்களிடம் திரும்ப வந்து அலமாரிக்குப் போய்விட வேண்டும். கடித்துக் குதற விட்டுவைத்தால் நூல்நூலாக விழுங்கும். விழுங்கிய நூல் ஒரு பக்கம் சிக்கிக்கொள்ள, குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி அறுபட்டுப்போகும். பிரிந்து நூல் தொங்கும் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பின்னுங்கள்.

இழுப்பதற்கு முன் "விடு" என்ற சொல்லைப் பழக்க வேண்டும். பொட்டுக்கடலை அளவில் நறுக்கிய, உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துண்டுகள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். நாய் கயிற்றைப் பிடித்திருக்கும்போது உங்கள் கையைத் தொடையோடு ஒட்டி அசைக்காமல் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் இழுக்காத கயிற்றில் சுவாரசியம் கிடையாது. "விடு" என்று ஒரே ஒரு முறை சொல்லி, துண்டை மூக்கருகே கொண்டுபோங்கள். வாய் திறந்ததும் துண்டைக் கொடுத்துவிட்டு, உடனே "பிடி" என்று கயிற்றைத் திரும்ப நீட்டுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கயிறு போய்விடும் என்று நாய் கற்றால் விடாது. விட்டால் மறுபடி ஆட்டம் உண்டு என்று கற்றால் கறித்துண்டே இல்லாமல் விடும்.

இழுக்கும்போது கயிறு நாயின் முதுகு மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். மேலும் கீழுமாக உலுக்கினாலோ முன்னங்கால் தரையைவிட்டு எழும்படி தூக்கினாலோ கழுத்தெலும்பும் தண்டுவடமும் அடிவாங்கும். அரை நிமிடம் இழுப்பு, "விடு", ஒரு "உட்கார்", மறுபடி "பிடி" என்று போகட்டும். பத்து முறை இழுத்தால் ஏழெட்டு முறை நாயே ஜெயிக்கட்டும், தவறில்லை. கயிற்றோடு உங்களிடமே திரும்பி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பல் கையில் பட்டால் தெரியாமல் பட்டாலும் ஆட்டம் அத்தோடு நிற்க வேண்டும்.

உறுமலைப் பொறுத்தவரை, சத்தத்தைவிட உடலைப் பாருங்கள். இடுப்பு நெளிந்து, வால் அகலமாக ஆடி, கண் சுருங்கி இருந்தால் அது ஆட்ட உறுமல். உடம்பு விறைத்து, வாய் கயிற்றின்மேல் அசைவில்லாமல் நின்று, கண்ணின் வெள்ளை தெரிய உங்களைக் கடைக்கண்ணால் பார்த்து, உறுமல் தாழ்ந்து நீண்டால் அது எச்சரிக்கை. அப்போது கயிற்றைப் பிடுங்காதீர்கள். கையை விட்டுவிட்டு, நாலு கோழித் துண்டைத் தள்ளி வீசி, அது அங்கே போனபின் கயிற்றை எடுங்கள். இது அடிக்கடி நடந்தால், குறிப்பாகச் சோற்றுத் தட்டருகிலும் இப்படி விறைக்கிறது என்றால், விளையாட்டை ஒத்திவைத்துப் பயிற்சியாளரை நேரில் வரச்சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்களுடையது நெஞ்சு ஆழமான பெரிய இனம். வயிறு நிறையத் தின்றபின் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் இழுப்பும் வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே, படுக்க முடியாமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கும் நோயல்ல அது.

தருமபுரி வாசகி: கோடையில் எங்கள் லாப்ரடாரை எத்தனை மணிக்கு விளையாட விடலாம்? பக்கத்து வீட்டுப் பக் நாயும் கூட வரும்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் வெயில் இறங்கினாலும் தார்ச்சாலையும் மொட்டைமாடியும் ஆற நேரமாகும். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது. லாப்ரடார் பந்துக்காக மூச்சு முட்டும்வரை ஓடும் இனம், தானாக நிறுத்தாது. ஐந்தாறு எறிதல், பிறகு நிழலில் தண்ணீரோடு ஐந்து நிமிடம் என்று நீங்கள்தான் நிறுத்த வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழல் வழியே குறுகலானது. நாய் உடம்பைக் குளிர்விப்பது முக்கியமாக மூச்சிரைப்பதால்தான் என்பதால் அவற்றுக்கு ஆபத்து இரட்டிப்பு. லாப்ரடாரோடு பக்கை ஓடவிடாதீர்கள். கோடையில் அதற்கு வீட்டுக்குள் மோப்ப விளையாட்டு போதும், அதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நாக்கு தொங்கி நீண்டு அகலும், ஈறு செக்கச்செவேலென்று சிவக்கும், எச்சில் பிசுபிசுக்கும், பிறகு நடை தள்ளாடும், வாந்தி வரும். அந்த நிலையில் முதலில் குளிர்வித்துவிட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, மார்பு என்று ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு வெளியேறாது. தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்ற வேண்டாம். தேறிவிட்டதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்பட்டது மறுநாள்தான் தெரியவரும்.

காவேரிப்பட்டணம் வாசகர்: மாந்தோப்பில் குடியிருக்கிறோம். சீசனில் எங்கள் நாய் மாங்கொட்டையைப் பந்துபோல் உருட்டி விளையாடுகிறது. பிள்ளைகளும் எறிந்து எடுக்கச் சொல்கிறார்கள். பரவாயில்லையா?

மாங்கொட்டை வேண்டவே வேண்டாம். சப்பிய கொட்டை வழுக்கும். நாய் கடிக்கும்போது வழுக்கி நேரே உள்ளே போய்விடும். இரைப்பையில் அது கரையாது. நார் மண்டிய அந்தக் கொட்டை சிறுகுடலின் குறுகலில் போய்ச் செருகி நிற்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம். பிறகு தின்றதெல்லாம் வாந்தி, தீனி மறுப்பு, மலம் போகாமை, வயிற்றைத் தொட்டால் சுருளுதல். அப்போது அறுவை சிகிச்சைதான் வழி. விழுங்கியதைப் பார்த்துவிட்டால் உப்புக்கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்பே விஷமாகிவிடும். கொட்டையின் அளவையும் விழுங்கிய நேரத்தையும் சொல்லி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்கும் நாயைக் கொண்டுபோகும்போது "தோப்பு நாய்" என்று சொல்லும் ஒரு தகவல் மருத்துவருக்குப் பெரிய உதவி. சீசன் முடியும்வரை தினமும் காலையில் நாயை அவிழ்க்கும் முன் விழுந்த பழங்களைப் பொறுக்கிவிடுங்கள்.

மக்காச்சோளக் கட்டையும் தேங்காய் நாரும் குடலை இப்படித்தான் அடைக்கும். புளிய மரத்தடியில் விளையாடும் நாய்களையும் கவனியுங்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. திராட்சை ஆகாது என்பதற்கும் அதே அமிலம்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது. கல்லை எறிந்தால் பல் உடையும். குச்சி எறிந்தால் அது மண்ணில் குத்திட்டு நிற்கும்போது ஓடிவரும் நாயின் தொண்டையில் பாயும்.

அப்படியானால் எதைத்தான் எறிவது? வாயை முழுதாகத் திறந்தாலும் கடைவாய்ப் பற்களைத் தாண்டிப் போக முடியாத அளவுள்ள ரப்பர் பந்து, நடுவே துளையுள்ளதாக இருந்தால் நல்லது. பெரிய நாய்க்கு டென்னிஸ் பந்து சிறியது; அதன் மேல்துணியில் செம்மண் ஒட்டிக்கொண்டால் பல்லை உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். பந்து தொண்டையில் சிக்கினால் விரலை விட்டு நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். கழுத்துக்கு வெளியே, தாடை எலும்புக்குக் கீழே, பந்துக்குப் பின்புறமாக இரு கட்டைவிரலையும் வைத்து வாயை நோக்கித் தள்ளுங்கள்.

பர்கூர் வாசகர்: பழைய கல்குவாரிக் குட்டையில் நாயை நீந்த விடலாமா? நண்பர்கள் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

கூடாது. நாய்க்கு நீந்தத் தெரியும், செங்குத்துப் பாறையில் ஏறத் தெரியாது. குவாரியின் சுவர் நேராக இறங்குவது. ஏற வழி தேடிச் சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து மூழ்கும். காப்பாற்றக் குதிக்கும் மனிதர் கதியும் அதுவே. நம் பக்கத்து வயல் கிணறுகளில் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. பந்தைத் துரத்தும் நாய் பந்தை மட்டுமே பார்க்கும் என்பதால், கிணற்றுப் பக்கமாக ஒருபோதும் எறியாதீர்கள்.

ஏரியிலோ ஆற்றிலோ சரிவாக இறங்கி ஏறும் கரை இருந்து, நீரோட்டம் இல்லாமல், தண்ணீரில் பச்சைப் படலம் படியாமல் இருந்தால் விடலாம். மார்புப் பட்டையில் கட்டிய 30 அடிக் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கரையேற்றி ஓய்வு கொடுங்கள். நீரில் மிதக்கும் பந்தை ஓயாமல் கவ்வும் நாய் ஒவ்வொரு முறையும் தண்ணீரை விழுங்குகிறது. அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தள்ளாட்டமும் வலிப்பும் வரும்.

அரூர் வாசகி: நான்கு வயதுப் பேத்தி நாயை விட்டுப் பிரிவதே இல்லை. இருவரும் சேர்ந்து ஆட நல்ல விளையாட்டு சொல்லுங்கள், அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. இந்த வயதுக் குழந்தையையும் நாயையும், அது எவ்வளவு சாதுவானாலும், தனியே விடக் கூடாது. கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். கட்டிப்பிடிப்பது, முதுகில் ஏறுவது, முகத்தோடு முகம் வைப்பது, தூங்கும்போதோ தின்னும்போதோ தொடுவது, இந்த நான்கும் கூடாது. கயிறு இழுப்பும் ஓடித்துரத்தலும் இப்போது வேண்டாம். கத்திக்கொண்டு ஓடும் குழந்தையை நாய் துரத்திப் பிடிக்கும், பிடிக்க அதற்கு இருப்பது பல்தான். நாய் பாய்ந்து வந்தால் கைகளை மார்போடு கட்டி, தரையைப் பார்த்து அசையாமல் நிற்கப் பேத்திக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தடவுவதற்கும் ஒரு முறை உண்டு. மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் நெருங்கி வந்தால் இன்னொரு தடவை. முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, பசியோ தூக்கமோ இல்லாமல் கொட்டாவி விட்டாலோ, அதற்குப் போதும் என்று அர்த்தம்.

இருவருக்கும் பொருந்துவது மோப்ப விளையாட்டு. நாயை ஒரு பெரியவர் பிடித்துக்கொள்ள, பேத்தி அறையில் ஐந்து இடங்களில் சிறு துண்டு ஒவ்வொன்றாக ஒளித்து வைக்கட்டும்: நாற்காலிக் கால், கதவிடுக்கு, கவிழ்த்த கொட்டாங்குச்சியின் அடி. பேத்தி உங்கள் மடிக்கு வந்து உட்கார்ந்தபின் "தேடு" என்று அவளே சொல்லட்டும். முதல் இரண்டு நாள் நாயின் கண்முன்னே வையுங்கள், பிறகு மறைத்து வையுங்கள். பத்து நிமிடம் மோந்து தேடினாலே நாய் களைத்துப் படுத்துவிடும். வேகவைத்த கேரட் அல்லது சிறு சிறு களி உருண்டை போதும், ஆனால் குழம்பில் தோய்க்காத களி. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். இந்தத் தீனியை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: தோட்டத்து வீடு. சாயங்காலம் நாயை அவிழ்த்துவிட்டு ஓட விடலாமா?

காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய பகுதி உங்களுடையது. அந்திக்குப் பின் அவிழ்த்த நாய் சிறுத்தைக்கு எளிய இரை. யானையைக் குரைத்துச் சீண்டிவிட்டு, பயந்து எஜமானரிடமே ஓடிவரும் நாயால் உங்கள் உயிருக்கும் ஆபத்து. வெளிச்சம் இருக்கும்போதே விளையாடி முடித்து, இரவில் கதவுள்ள இடத்தில் அடையுங்கள். விளையாடியபின் விரலிடுக்கில் நெருஞ்சி முள், காதுக்குள் ஊசிப்புல், காதோரத்தில் உண்ணி இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால் புல் உள்ளே போயிருக்கும். எண்ணெய் ஊற்றாமல் மருத்துவரிடம் போங்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: சுவரில் லேசர் விளக்கு அடித்தால் எங்கள் நாய் அரை மணி நேரம் துரத்துகிறது. நல்ல உடற்பயிற்சிதானே?

நிறுத்திவிடுங்கள். எத்தனை துரத்தினாலும் கடைசியில் வாயில் ஒன்றும் சிக்காது. சில நாய்கள் நாளடைவில் நிழலையும் கண்ணாடிப் பிரதிபலிப்பையும் ஓயாமல் துரத்தும் நோயாகவே அதை வளர்த்துக்கொள்கின்றன. பதிலாக, நாலடி மூங்கில் கழியின் நுனியில் ஐந்தடிக் கயிறும் அதன் முனையில் ஒரு துணி முடிச்சும் கட்டி, தரையோடு தரையாக அகலமான வட்டத்தில் இழுங்கள். எகிறிக் குதிக்கும்படி தூக்கக் கூடாது, திடீரென்று திருப்பக் கூடாது, முழங்கால் தசைநார் அறுந்துபோகும். ஒவ்வொரு சுற்றிலும் துணியைப் பிடிக்க விடுங்கள். ஐந்து நிமிடம் தாராளம்.

ஊத்தங்கரை வாசகர்: எங்கள் நாயும் பக்கத்துத் தெரு நண்பரின் நாயும் சேர்ந்தால் கழுத்தைக் கடித்துப் புரளுகின்றன. விளையாட்டா சண்டையா என்று எப்படித் தெரியும்?

முன்னங்காலைத் தரையில் படியவைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. மாறி மாறித் துரத்துவது, பெரியது வேண்டுமென்றே கீழே விழுவது, நடுநடுவே நின்று உதறிக்கொள்வது எல்லாம் நல்ல அடையாளம். ஒன்றே எப்போதும் மேலே இருக்கிறது, மற்றது வாலை ஒடுக்கி உங்கள் காலுக்குப் பின்னே ஒளிகிறது என்றால் விளையாட்டு இல்லை. சந்தேகம் வந்தால் அடக்குகிற நாயைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள். விடுபட்டது திரும்பி ஆட வந்தால் தொடரலாம், விலகிப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். எல்லாம் சுமுகமாகப் போனாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பிரித்து, மூச்சு அடங்கியபின் மறுபடி விடுங்கள். பந்தும் தீனியும் நடுவில் கிடக்கக் கூடாது. இரண்டுக்கும் ரேபிஸ், பார்வோ (நாய்களுக்குப் பரவும் குடல் நோய்) ஊசிகள் முடிந்திருக்க வேண்டும்.

சண்டையாகிவிட்டால் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள், கடி உங்களுக்குத்தான் விழும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், அல்லது பலகையோ சாக்கோ நடுவில் விடுங்கள். பிரித்தபின் கழுத்து முடியை விலக்கி விலக்கிப் பாருங்கள். வெளியே ஒரு சின்னத் துளைதான் தெரியும், உள்ளே தோல் சதையைவிட்டுப் பிரிந்து, இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டி வீங்கும். துளை இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது.